பன்றிக் கறியும் காய்கறியும் சேர்ந்த வதக்கல்: சத்துக் கணக்கும் சமைக்கும் முறையும்

கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள பேளுக்குறிச்சி, மளிகைச் சாமான்களுக்குப் பெயர் பெற்ற வாரச் சந்தை கூடும் ஊர். மலையில் விளைந்த மிளகும், சமவெளியில் விளைந்த மல்லியும் சின்ன வெங்காயமும் அங்கே கை மாறுகின்றன. விளைவித்தவர் விற்றுவிட்டு வீடு திரும்புகிறார். வீட்டில் அடுப்பின் மேல் என்ன இருக்கிறது என்று பார்த்தால், பல குடும்பங்களில் சோறும் ரசமும், அல்லது அவித்த மரவள்ளிக் கிழங்கும் காரச் சட்னியும்தான். வயிறு நிறைகிறது, ஆனால் உடம்பு கேட்கும் சத்து முழுவதும் கிடைப்பதில்லை.

இவ்வட்டாரத்தில் பலர் விரும்பி உண்பது பன்றி இறைச்சி. ஆனால் அது பெரும்பாலும் விருந்துக் கறியாகவும், மதுவுக்குத் தொட்டுக்கொள்ளும் வறுவலாகவும் இருக்கிறதே தவிர, குடும்பத்தின் சத்துணவாக எண்ணப்படுவதில்லை. ஒரு பங்கு மெலிந்த கறியும் இரு பங்கு காய்கறியும் சேர்த்து வாணலியில் வதக்கினால் அது எத்தகைய உணவாகிறது, அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு துளைத்த விலங்குகளில் காட்டுப் பன்றியும் ஒன்று என்று புறநானூறு கூறுகிறது. அது அந்தக் காலம். இன்று காட்டுப் பன்றியை வேட்டையாடுவதும் அதன் இறைச்சியை விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். இங்கே பேசப்படுவது கொட்டிலில் அடைத்து வளர்த்த பன்றியின் இறைச்சி மட்டுமே.

தானியம் மாறியது, சத்தும் மாறியது

மலையிலும் அடிவாரத்திலும் முன்பு தினை, சாமை, கேழ்வரகு ஆகியவை அன்றாட உணவாக இருந்தன. சேலம், நாமக்கல் பகுதிகளில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகப் பெருக, சிறுதானிய நிலங்களில் மரவள்ளி புகுந்தது. சாப்பாட்டில் தீட்டிய அரிசி முதலிடம் பிடித்தது. கொல்லிமலையில் சிறுதானியங்களை மீண்டும் பயிரிடச் செய்ய எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து பாடுபட்டு வந்துள்ளது என்பதிலிருந்தே இந்த மாற்றத்தின் அளவை அறியலாம்.

இந்த மாற்றத்தில் அதிகம் குறைந்த சத்துகளில் ஒன்று 'தயாமின்' எனப்படும் உயிர்ச்சத்து பி1. நாம் உண்ணும் மாவுச் சத்தை உடல் உழைப்புச் சக்தியாக மாற்ற இது இன்றியமையாதது. மாவுச் சத்து அதிகம் உண்பவருக்கும் கடினமாக உழைப்பவருக்கும் இதன் தேவையும் அதிகம்.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971ல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் உணவுப் பொருளில் உள்ள தயாமின் அளவு வருமாறு: தினை 0.59 மில்லிகிராம்; கேழ்வரகு 0.42, சாமை 0.30; ஆலையில் தீட்டிய புழுங்கல் அரிசி 0.21, ஆலையில் தீட்டிய பச்சரிசி 0.06; மரவள்ளிக் கிழங்கு 0.05, ஜவ்வரிசி 0.01. நாள் ஒன்றுக்கு 400 கிராம் தினை உண்டவருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தயாமின் கிடைத்தது. அதே அளவு தீட்டிய பச்சரிசி உண்பவருக்குக் கிடைப்பது கால் மில்லிகிராமுக்கும் குறைவு. அதிலும் அரிசி கழுவும் தண்ணீரிலும் வடிக்கும் கஞ்சியிலும் ஒரு பகுதி போய்விடுகிறது.

இந்தச் சத்து மிகவும் குறைந்தால் வரும் நோய் 'பெரிபெரி'. கை கால் மரத்துப் போதல், கால் வீக்கம், நெஞ்சு படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். தமிழ்நாட்டுக்கும் இந்நோய் ஆராய்ச்சிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் 1918ல் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர், ஒரே ஓர் அறையில் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, பின்னர் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அக்காலத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட கடலோர ஆந்திரத்தில் இந்நோய் மிகுந்திருந்தது. தமிழ்நாட்டில் பரவலாக இருந்த புழுங்கல் அரிசிப் பழக்கம் மக்களைக் காத்தது. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே இதன் காரணம்.

தவிட்டில் போனது கறியில் வருகிறது

ஆலையில் அரிசியைத் தீட்டும்போது நீங்கும் சத்து எங்கே போகிறது? தவிட்டுக்குப் போகிறது. 100 கிராம் அரிசித் தவிட்டில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் தயாமின் உள்ளது. அந்தத் தவிட்டைத் தின்று வளர்வது பன்றி. ஆடு, மாடு, கோழியை விடத் தன் தசையில் தயாமினை அதிகமாகச் சேர்த்து வைக்கும் இயல்பு பன்றிக்கு உண்டு. எனவே அரிசியில் நாம் இழந்ததில் ஒரு பகுதியைப் பன்றி நமக்குத் திருப்பித் தருகிறது என்று சொல்வது மிகையாகாது.

மேற்கண்ட அட்டவணைப்படி 100 கிராம் மெலிந்த பன்றித் தசையில் 0.54 மில்லிகிராம் தயாமின் உள்ளது. ஆட்டுக் கறியில் உள்ளது 0.18 மில்லிகிராம். அதாவது மூன்று மடங்கு. கோழிக் கறியில் இன்னும் குறைவு. பன்றியின் இனத்தையும் தீவனத்தையும் பொறுத்து இந்த அளவு இதற்கு மேலும் கூடுவதுண்டு.

புரதச் சத்து 100 கிராமுக்கு 18.7 கிராம், கொழுப்பு 4.4 கிராம், வெப்பச் சக்தி 114 கலோரி. மரவள்ளிக் கிழங்கில் புரதம் 100 கிராமுக்கு 0.7 கிராம் மட்டுமே என்பதை ஒப்பிட்டுப் பார்க்கவும். தாவர உணவு எதிலும் இயல்பாக இல்லாத உயிர்ச்சத்து பி12, காயம் ஆறவும் குழந்தைகள் வளரவும் வேண்டிய துத்தநாகச் சத்து ஆகியவையும் இக்கறியில் உள்ளன.

இரும்புச் சத்தைப் பொறுத்தவரை, பன்றித் தசையில் அதன் அளவு அதிகமன்று. 100 கிராமுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரைதான். ஆனால் இறைச்சியில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்கிறது. மேலும் கீரையிலும் காயிலும் பயறிலும் உள்ள இரும்பையும், இறைச்சி உடன் இருக்கும்போது உடல் கூடுதலாக ஏற்கிறது. 2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த சோகை உள்ளது. ஆகவே வீட்டில் கறி சமைக்கும் நாளில் முதலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பங்கு வைக்க வேண்டும். எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சிய சாறு மட்டும் வீட்டுப் பெண்ணுக்கு என்ற வழக்கம் மாற வேண்டும்.

பன்றி ஈரலில் இரும்பு பல மடங்கு அதிகம். 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. ஈரல் கிடைத்தால் விடலாகாது. எனினும் அதில் உயிர்ச்சத்து ஏ மிக அதிகமாக இருப்பதால், கருவுற்ற பெண்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே ஈரல் உண்ண வேண்டும்.

காய்கறி ஏன் சேர்க்க வேண்டும்?

கறியில் நார்ச்சத்து அறவே இல்லை. உயிர்ச்சத்து சி மிகக் குறைவு. இவ்விரண்டும் காய்கறியில் உள்ளன. முட்டைக்கோஸ், குடைமிளகாய், பச்சை மிளகாய் ஆகியவற்றில் உயிர்ச்சத்து சி மிகுதி. கேரட்டிலும் கீரைகளிலும் பூசணியிலும் கண்ணுக்கு வேண்டிய கரோட்டின் உள்ளது. கரோட்டின் உடலில் சேரச் சிறிது கொழுப்பு வேண்டும். அதைக் கறியும் எண்ணெயும் தருகின்றன. காயில் உள்ள சி உயிர்ச்சத்து, இரும்பு உடலில் சேர உதவுகிறது. இவ்வாறு கறிக்குக் காயும் காய்க்குக் கறியும் துணை நிற்கின்றன.

சிக்கனமும் இதில் உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டில் கறி மட்டும் சமைத்தால் ஒரு கிலோ வேண்டியிருக்கும். இரு பங்கு காய் சேர்த்தால் அரைக் கிலோவே போதும். விலை போகாத கோணல் பீன்ஸ், வெடித்த முட்டைக்கோஸ், பொடி வெங்காயம் ஆகியவற்றின் சத்தில் எந்தக் குறையும் இல்லை. அவற்றைச் சந்தையில் அடிமாட்டு விலைக்குத் தள்ளுவதை விட வீட்டுச் சட்டியில் போடுவது இலாபம்.

ஐந்து பேர் குடும்பத்துக்குக் கணக்கு

மெலிந்த பன்றிக் கறி 500 கிராம், முட்டைக்கோஸ் 250 கிராம், பீன்ஸ் 250 கிராம், கேரட் 200 கிராம், சின்ன வெங்காயம் 200 கிராம், குடைமிளகாய் 100 கிராம், கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்வோம்.

புரதம்: கறியிலிருந்து சுமார் 93 கிராம், காய்கறியிலிருந்து 15 கிராம், ஆக 108 கிராம். ஆளுக்குச் சற்றேறக்குறைய 22 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020ல் வகுத்த அளவுப்படி, பெரியவர்களில் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு 54 கிராமும் பெண்ணுக்கு 46 கிராமும் புரதம் வேண்டும். இந்த ஒரு வேளைத் தொடுகறியிலேயே ஆணுக்கு வேண்டியதில் ஐந்தில் இரு பங்கும், பெண்ணுக்கு வேண்டியதில் ஏறத்தாழப் பாதியும் கிடைத்துவிடுகிறது.

வெப்பச் சக்தி: ஆளுக்குச் சுமார் 240 கலோரி.

தயாமின்: கறியிலிருந்து ஆளுக்கு 0.54 மில்லிகிராம். சமைக்கும்போது மூன்றில் ஒரு பங்கு அழிந்தாலும் 0.36 மிஞ்சும். இலேசான வேலை செய்யும் பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய 1.4 மில்லிகிராமில் இது கால் பங்கு. மண்வெட்டி பிடித்து உழைப்பவருக்குத் தேவை 2 மில்லிகிராமைத் தாண்டும். எஞ்சியதைப் புழுங்கல் அரிசி, சிறுதானியம், பயறு, கடலை ஆகியவற்றிலிருந்துதான் பெற வேண்டும். கறி ஒன்றே போதும் என்று எண்ணலாகாது.

இதே சமையலை மெலிந்த கறிக்குப் பதிலாகக் கொழுப்பு மிகுந்த வயிற்றுப் பகுதிக் கறியில் செய்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அதில் 100 கிராமுக்கு 500 கலோரிக்கு மேல் உண்டு. புரதமோ 10 கிராமுக்கும் குறைவு. எண்ணெய் ஒரு சொட்டும் ஊற்றாமலே ஆளுக்கு 590 கலோரி சேரும்; புரதம் 12 கிராமாகக் குறையும். அதே எடைக் கறி, பாதிப் புரதம், இரண்டரை மடங்கு கலோரி. கறிக்கடையில் தொடைப் பகுதியோ முதுகுத் தண்டை ஒட்டிய தசையோ கேட்டு வாங்குங்கள். மேலே உள்ள கொழுப்பை வெட்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

சமைக்கும் முறை

கறியைப் பெரிய துண்டாக இருக்கும்போதே கழுவிவிட்டு, பிறகு அரை அங்குலத் துண்டுகளாக நறுக்க வேண்டும். நறுக்கியபின் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்தால் தயாமின் தண்ணீரோடு போய்விடும். இந்தச் சத்து நீரில் கரையக்கூடியது. கறி சீக்கிரம் வேக வேண்டும் என்று ஆப்ப சோடா சேர்ப்பதும் தவறு. சோடா தயாமினை அழித்துவிடும்.

நறுக்கிய கறியில் மஞ்சள் தூள், இடித்த மிளகு, இஞ்சி பூண்டு விழுது, சிறிது உப்பு ஆகியவற்றைப் பிசறிக் கால் மணி நேரம் வைக்கவும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி போட்டு, கறி நன்றாக வெந்து மென்மையாகும் வரை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேகவிடவும். இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. பலர் வெந்த கறியை மட்டும் எடுத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டிவிடுகின்றனர். கறியிலிருந்து இறங்கிய தயாமின் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் எடுத்துவிட்டு, தண்ணீர் கறியோடு சுண்டும் வரை அடுப்பில் வைக்க வேண்டும்.

பிறகு இரும்பு வாணலியில் எண்ணெய் ஊற்றிக் கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உரித்த சின்ன வெங்காயத்தைப் போட்டு வதக்கவும். முதலில் வேக நேரமாகும் கேரட்டும் பீன்சும், அடுத்து முட்டைக்கோஸ், கடைசியாகக் குடைமிளகாய். தீ நன்றாக எரிய வேண்டும், கரண்டி ஓயக்கூடாது. ஐந்தாறு நிமிடத்தில் காய் பாதி மொறுமொறுப்போடு வெந்திருக்கும்போது, சுண்டிய கறியைச் சேர்த்து இரண்டு நிமிடம் பிரட்டி இறக்கவும். இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம் பழத்தைப் பிழியவும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் அதிலுள்ள சி உயிர்ச்சத்து வெப்பத்தில் வீணாகும். நம் மாவட்டத்துப் பள்ளிபாளையம் கோழி வறுவல் செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதன்று.

மலையில் வாழ்வோர் கேரட், பீன்சுக்குப் பதிலாகப் பிஞ்சுப் பலாக்காய், பூசணி, அவரை, வாழைப்பூ ஆகியவற்றைச் சேர்க்கலாம். பலாவையும் வாழைப்பூவையும் முன்னதாக வேகவைத்துக்கொள்ள வேண்டும். இறக்கும் நேரத்தில் இரண்டு கைப்பிடி முருங்கைக் கீரை தூவினால் சுண்ணாம்புச் சத்தும் கரோட்டினும் கூடும். மிளகும் இஞ்சியும் எலுமிச்சையும் தாராளமாக இருந்தால் உப்பைக் குறைத்தாலும் சுவை குறையாது.

இதைச் சாமைச் சோறு, கேழ்வரகுக் களி, புழுங்கல் அரிசிச் சோறு ஆகியவற்றோடு உண்பது சிறப்பு. அவித்த மரவள்ளிக் கிழங்கோடும் உண்ணலாம். கிழங்கில் இல்லாத புரதத்தைக் கறி ஈடு செய்யும். சாப்பிட்டவுடன் காப்பியோ தேநீரோ குடிக்கலாகாது. அவை காயிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடல் ஏற்க விடாமல் தடுக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

மதுவுக்குத் துணையாக வேண்டாம்

பன்றி வறுவல் என்றாலே மதுக் கடை ஓரத்து இலைப் பொட்டலம் நினைவுக்கு வருகிறது. மது, தயாமினை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. உடலில் இருப்பதையும் வீணாக்குகிறது. தொடர்ந்து குடிப்பவர்களுக்கு நரம்புத் தளர்ச்சியும் நினைவுத் தடுமாற்றமும் வருவதற்குத் தயாமின் குறைவு ஒரு பெரிய காரணம். ஆகவே மதுவோடு உண்ணும் கறியின் முதன்மையான பயன் உண்பவருக்கே கிட்டாமல் போகிறது. வீட்டில் உள்ளவர்களுக்கோ அந்தக் கறியும் இல்லை, அதற்குச் செலவான காசும் இல்லை. அதே காசுக்கு வாங்கிய கறி வீட்டு வாணலிக்கு வந்தால் ஐந்து பேருக்கும் பயன்.

நாடாப்புழுவும் வலிப்பும்

பன்றிக் கறி என்றதும் எழும் அச்சம் நாடாப்புழு. இந்த அச்சத்தில் உண்மை உண்டு. ஆனால் நோய் எந்த வழியாக வருகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கின்றனர்.

நாடாப்புழு வாழ்வது மனிதக் குடலில். அந்த மனிதர் திறந்த வெளியில் மலம் கழித்தால் புழுவின் முட்டைகள் மண்ணில் சேர்கின்றன. அம்மலத்தைத் தின்னும் பன்றியின் தசையில் முட்டைகள் சிறு நீர்க்கட்டிகளாக வளர்கின்றன. அத்தகைய கறியை அரைவேக்காடாக உண்பவரின் குடலில் கட்டி நாடாப்புழுவாகிறது. இது ஒரு வழி. இதனால் வருவது குடற்புழு, மருந்தால் நீங்கக்கூடியது.

இன்னொரு வழிதான் கொடியது. முட்டைகள் மனிதரின் வாய்க்குள்ளேயே போய்விட்டால், பன்றித் தசையில் தோன்றிய அதே கட்டிகள் மனிதனின் மூளையில் தோன்றும். வலிப்பு நோய் வருவது இதனால்தான். முட்டை வாய்க்குப் போவது கறி வழியாக அன்று. கழுவாத கை, அசுத்தமான தண்ணீர், மலம் கலந்த மண்ணில் விளைந்து கழுவாமல் பச்சையாக உண்ணும் காய்கறி ஆகியவற்றின் வழியாகவே. ஆகையால் பன்றிக் கறியைத் தொட்டே பாராத சைவ உணவுக்காரருக்கும் இந்நோய் வருகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வேலூர் மாவட்டத்தில் ஆராய்ந்து 2006ல் வெளியிட்ட முடிவின்படி, வலிப்பு நோயால் அவதிப்படுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மூளையில் உள்ள இக்கட்டியே காரணம்.

பன்றிக் கறியை நாள்தோறும் உண்ணும் மேற்கு ஐரோப்பிய நாடுகளில் இந்நோய் ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. கறியை விட்டதால் அன்று. கழிப்பிடம் கட்டியதாலும், பன்றியைக் கொட்டிலில் அடைத்ததாலும், அறுத்த இறைச்சியைச் சோதித்து விற்றதாலும் ஒழிந்தது. நாமும் செய்ய வேண்டியவை அவையே.

1. வீட்டில் எல்லோரும் கழிப்பிடத்தைப் பயன்படுத்த வேண்டும். காய்கறித் தோட்டத்தின் ஓரத்தை அதற்குப் பயன்படுத்தவே கூடாது.

2. பன்றியைத் தெருவில் விடாமல் கொட்டிலில் அடைத்து, தவிடு, தானியம், புண்ணாக்கு கொடுத்து வளர்க்க வேண்டும். ஓட்டல் மிச்சம் கொடுப்பவர்கள் அதைக் கொதிக்க வைத்தே கொடுக்க வேண்டும். 2020ல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் வழிகளில் கொதிக்க வைக்காத மிச்ச உணவும் ஒன்று. அந்நோய் மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் பன்றிகளை அடியோடு அழித்துவிடும்.

3. கறியில் அரிசி மணி அல்லது ஜவ்வரிசி போன்ற வெண்ணிறக் கட்டிகள் தென்பட்டால் வாங்கலாகாது. நோயில் செத்த பன்றியின் கறி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

4. கறியின் நடுப்பகுதியில் இளஞ்சிவப்பு நிறம் மறைந்து, வடியும் சாறு தெளிவாகும் வரை வேகவைக்க வேண்டும். நன்கு வெந்த கறியில் கட்டிகள் உயிரோடு இருப்பதில்லை. மேலே சொன்ன முறையில் முதலில் கறியைத் தனியாக வேகவைப்பது இதற்காகவும்தான். பச்சைக் கறியைக் காயோடு சேர்த்து ஐந்து நிமிடத்தில் வதக்கி இறக்குவது ஆபத்து.

5. கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அதிலேயே வெங்காயம், தக்காளி நறுக்கலாகாது. பச்சையாக உண்ணும் காய்களை ஓடும் தண்ணீரில் இரண்டு மூன்று முறை தேய்த்துக் கழுவ வேண்டும். சமைப்பதற்கு முன்பும் உண்பதற்கு முன்பும் கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

வீட்டில் யாருக்கேனும் வலிப்பு வந்தால் மந்திரிக்கக் காலம் கடத்தாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூளைக் கட்டியால் வரும் வலிப்புக்குச் சிகிச்சை உண்டு.

யாருக்கு எவ்வளவு?

வாரம் ஒரு முறை, பெரியவருக்கு 100 கிராம் கறி என்ற அளவு போதுமானது. சிறு பிள்ளைகளுக்கு அதில் பாதி. மென்மையாக வெந்ததைச் சிறு துண்டாக்கிக் கொடுக்க வேண்டும். இதய நோய், இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். சமைத்ததை அன்றே உண்டுவிட வேண்டும். மீந்ததை இரவு முழுதும் வெளியில் வைத்திருந்து மறுநாள் சூடாக்கி உண்பது நல்லதன்று.

சமயத்தாலோ குல வழக்கத்தாலோ பன்றிக் கறி உண்ணாத குடும்பங்கள் கவலைப்படத் தேவையில்லை. 100 கிராம் நிலக்கடலையில் 0.90 மில்லிகிராம் தயாமின் உள்ளது. பன்றிக் கறியை விட இது அதிகம். நம் மானாவாரி நிலத்தில் விளையும் கடலையில் ஒரு மூட்டையை வீட்டுக்கென ஒதுக்கி, நாள்தோறும் ஒரு கைப்பிடி அவித்துக் கொடுக்கலாம். கொள்ளு, பாசிப்பயறு, தினை ஆகியவையும் துணை செய்யும். பி12க்குப் பாலும் தயிரும் முட்டையும் உண்டு. அதே காய்கறிகளை அவித்த கடலையோடும் முட்டையோடும் வதக்கினால் அதுவும் சிறந்த உணவே.

பன்றி வளர்க்கும் எண்ணம் உள்ளவர்கள் நாமக்கல்லில் 1985ல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகிக் கொட்டில் அமைப்பு, தீவனம், குடற்புழு நீக்கம் பற்றிக் கேட்டறியலாம்.

பன்றி தின்றது தவிடானால் அதன் கறியில் நமக்கு வருவது சத்து. அது தின்றது அசுத்தமானால் வருவது நோய். அதைத் தீர்மானிப்பது வளர்ப்பவர் கையில் உள்ளது. கறியில் கொழுப்பை நீக்குவதும், வெந்த தண்ணீரைக் கொட்டாமல் சுண்ட வைப்பதும், இரு பங்கு காய் சேர்ப்பதும், வீட்டிலுள்ள அனைவருக்கும் சமமாகப் பகிர்வதும் சமைப்பவர் கையில் உள்ளன. அடுத்த சந்தைக்கு மூட்டை கட்டும்போது, ஒரு கிலோ காயை வீட்டுக்கென எடுத்து வைத்துவிட்டு மற்றதைக் கட்டுங்கள்.